இடப்பக்க அண்ணப்பிளவு, 9 வயது: போன் கிராஃப்டுக்கு முன் எந்த எக்ஸ்பேண்டர், எவ்வளவு விரிக்கலாம்?

மன்னை_ஆர்த்தோ:

வணக்கம். ஒரு கேஸுக்கு யோசனை வேண்டும்.

வேதாரண்யம் பக்கத்துப் பையன், 9 வயது. இடப்பக்கம் முழு உதட்டுப்பிளவும் அண்ணப்பிளவும். இரண்டும் சின்ன வயதிலேயே தைத்தாகிவிட்டது. ஈறெலும்பில் உள்ள பிளவு மட்டும் மிச்சம். பிளவில் எலும்பு வைக்கும் போன் கிராஃப்டைப் பொங்கல் கழிந்து வைத்துக்கொள்ளலாம் என்று சர்ஜன் சொல்லியிருக்கிறார். இப்போது ஆடி பிறந்துவிட்டது, கையில் ஆறு மாதம் இருக்கிறது.

மேல்தாடையின் இடது சிறு துண்டு முன்பக்கம் உள்ளே மடங்கி, பெரிய துண்டுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறது. இடது பால் கோரைப்பல், முதல் பால் கடைவாய்ப்பல் இரண்டும் கிராஸ்பைட் (மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே கடிக்கிறது). இரண்டாம் பால் கடைவாய்ப்பல் முனைக்கு முனை. 16, 26 (மேல் வலது, இடது முதல் நிலைக் கடைவாய்ப்பற்கள்) இரண்டும் சரியாகவே கடிக்கின்றன. மேல் பால் கோரைப்பற்கள் முனைக்கு முனை 23 மி.மீ., கீழே 26 மி.மீ. 21 (இடது நடு வெட்டுப்பல்) நன்றாகச் சுழன்று பிளவுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. 22 (பக்க வெட்டுப்பல்) இல்லை, பிளவின் பின் ஓரத்தில் கூம்பு வடிவில் ஒரு உபரிப்பல் இருக்கிறது. சிபிசிடியில் (முப்பரிமாண எக்ஸ்ரே) 23-ன், அதாவது இடது நிலைக் கோரைப்பல்லின், வேர் பாதி வளர்ந்திருக்கிறது. வெட்டுப்பற்களில் 2 மி.மீ. ரிவர்ஸ் ஓவர்ஜெட் (கீழ்ப்பல் முன்னால் நிற்கிறது). தண்ணீர் குடித்தால் எப்போதாவது மூக்கில் வருகிறது என்கிறார் அம்மா. ஆனால் ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை.

மேல்தாடையை விரிக்க ஹைராக்ஸா (திருகு வைத்தது), குவாட் ஹீலிக்ஸா (நான்கு சுருள் உள்ள ஸ்பிரிங் கம்பி)? எவ்வளவு விரித்து எங்கே நிறுத்துவது? அம்மாவுக்கு முன்பல்லை நேராக்க வேண்டும் என்பதுதான் முதல் ஆசை. அதை இப்போதே தொடலாமா? ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கத்திலிருந்து வருவது நிச்சயமில்லை என்பதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

குடந்தைப் பல்சீர்:

டாக்டர், உங்கள் அளவுகளே பதில் சொல்கின்றன. 6 (அதாவது 16, 26) சரியாகக் கடிக்கிறது, கோரைப்பல் அகலம் 23 மி.மீ.-ல் நிற்கிறது. அப்படியானால் குறை முன்னால் மட்டும்தான். சாதாரண ஹைராக்ஸ் முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அளவு திறக்கும். கோரைப்பல்லுக்காக 7, 8 மி.மீ. திருகினால் 16, 26 இரண்டும் கூடவே வெளியே போய், கீழ்ப்பற்களைத் தாண்டித் தொங்கும். அப்புறம் அதை உள்ளே கொண்டுவர ஒரு வருடம். பிளவுக் குழந்தைகளில் "ஆர்ச் குறுகல்" (பல்வரிசை வளைவு குறுகியது) என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ஹைராக்ஸ் போடுவதன் விளைவு இது.

வேகத்துக்கும் இங்கே வேலை இல்லை. பிளவில்லாத குழந்தைக்கு நாளுக்கு இரண்டு கால்திருகு, அதாவது அரை மி.மீ. வரை போடுவது நடு அண்ணப் பொருத்தைப் பிரிக்கத்தான். இந்தப் பையனுக்குப் பிரிக்கப் பொருத்தே கிடையாது, மேல்தாடை ஏற்கெனவே இரண்டு துண்டு. விரிவை எதிர்ப்பது அண்ணம் தைத்த தழும்பு. வேகமாக இழுத்தால் தழும்பு வெளுக்கும், ஓரத்தில் கிழியும். விட்டதும் பழைய இடத்துக்கே இழுத்துக்கொள்ளும். மெல்ல இழுத்து, நீண்ட நாள் பிடித்து வைப்பதுதான் அதற்கு மருந்து.

என் தேர்வு குவாட் ஹீலிக்ஸ். 0.9 மி.மீ. ஸ்டீல் கம்பி, 16, 26-ல் பேண்ட் (பல்லைச் சுற்றி ஒட்டும் உலோக வளையம்). வலது கரம் பால் கோரைப்பல் முதல் இரண்டாம் பால் கடைவாய்ப்பல் வரை மூன்றையும் தொட்டு நிற்கட்டும். இடது கரம் கோரைப்பல்லையும் முதல் பால் கடைவாய்ப்பல்லையும் மட்டும் தொடட்டும். இடது கரத்தை மட்டும் விரித்தால் இடது மட்டும் நகரும் என்று நம்ப வேண்டாம், எதிர்விசை வலப்பக்கம் போய்த்தான் தீரும். வலப்பக்கம் அதிகப் பற்களைப் பிடித்து வைத்தால் அந்த விசை பரவிக் குறையும்.

பேண்டை ஒட்டுவதற்கு முன்பே முதல் ஆக்டிவேஷனை (கம்பியைத் திறந்து விசை ஏற்றுவது) கொடுத்துவிடுங்கள். முன்பாலத்தில் (முன் சுருள்கள் இரண்டையும் இணைக்கும் கம்பி) பிளையர் வைத்தால் கடைவாய்ப்பற்கள் விரியும், அது உங்களுக்கு வேண்டாம். பின் ஹீலிக்ஸ்களை ஒட்டிய பகுதியில் திறந்தால் கரங்களின் முன்முனை வெளியே வரும். ஒரு பக்கத்துக்கு 3 மி.மீ. போதும். முழு ஆர்ச்சையும் 8 மி.மீ. விரித்துக் கட்டினால் 400 கிராம் அளவுக்கு விசை வரும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பால்பற்களின் மேல் அவ்வளவு தேவையில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, சரிசெய்து, திரும்ப ஒட்டலாம். வாய்க்குள்ளேயே முப்பல் பிளையரால் ஆக்டிவேட் செய்வது சுலபம்தான். ஆனால் எந்தப் பக்கம் எவ்வளவு திறந்தது என்பது தெரியாமல் போகும், 6 சுழல்வதும் அப்படித்தான் தொடங்குகிறது.

எங்கே நிறுத்துவது? மேல் கோரைப்பல் முனைகள் 31 மி.மீ. வந்தால் கீழே உள்ள 26 மி.மீ.-க்கு ஈடாகும். அதற்கு மேல் ஒன்று, ஒன்றரை வரை போகலாம். இடது முதல் பால் கடைவாய்ப்பல்லின் உள்முகடு கீழ்ப்பல்லின் வெளிமுகட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் வெர்னியர் வைத்து எழுதுங்கள். கோரைப்பல் முனை மட்டும் வெளியே வந்து, ஈறோரத்து அளவு மாறவில்லை என்றால் பல் சாய்கிறதே ஒழிய துண்டு நகரவில்லை.

திருகு வைத்தே ஆகவேண்டும் என்றால் விசிறி வகை ஸ்க்ரூ: பின்னால் கீல், முன்னால் மட்டும் திறக்கும். அல்லது பிரேசிலில் பவுரு மையத்தில் உருவாக்கிய, முன்னும் பின்னும் தனித்தனி ஸ்க்ரூ உள்ள எக்ஸ்பேண்டர். இரண்டு பக்கப் பிளவில், இரு துண்டும் முன்னெலும்புக்கு (வெட்டுப்பற்கள் நிற்கும் நடுத்துண்டு) பின்னால் மடங்கிப் பின்னாலும் குறுகியிருந்தால் அது நல்ல கருவி. இந்தக் கேஸுக்கு அதிகம்.

ரிவர்ஸ் ஓவர்ஜெட்டை இதோடு கலக்க வேண்டாம். ஃபேஸ்மாஸ்க் (மேல்தாடையை முன்னுக்கு இழுக்கும் முகக்கருவி) தனி முடிவு.

தஞ்சை_லேப்:

டாக்டர்கள் பேசிக்கொள்ளட்டும், லேப் பக்கம் சில விஷயங்கள்.

அளவு எடுக்கும்போது: ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை என்றாலும் தண்ணீர் மூக்கில் வருகிறது என்றால் ஓட்டை இருக்கிறது. ஆல்ஜினேட் (அச்செடுக்கும் கலவை) உள்ளே ஏறி, இழுக்கும்போது அறுந்து மூக்குப் பக்கம் தங்கிவிடும். வாஸ்லின் தடவிய காஸ் துண்டு, அதில் ஃபிளாஸ் நூல் கட்டி, நூல் வெளியே தொங்கும்படி பிளவு மடிப்பில் வைத்துவிட்டு ட்ரே ஏற்றுங்கள். கலவை கொஞ்சம் கெட்டியாக, பின்பக்கம் குறைவாக. வெளியே வந்ததும் ஆல்ஜினேட்டில் முனை அறுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பையனை எழுப்புங்கள்.

பேண்டை இம்ப்ரெஷனில் உட்கார வைத்து, அசையாமல் ஒட்டி அனுப்புங்கள். பேண்ட் அரை மி.மீ. சாய்ந்து ஸ்டோன் ஊற்றினால் கருவி வாயில் இறங்காது. இறக்க வேண்டும் என்று நெருக்கினால் அதுவே தெரியாமல் ஒரு ஆக்டிவேஷன் ஆகிவிடும்.

தைத்த அண்ணம் ஆழமில்லாமல் தட்டையாக, தழும்பு மேடோடு இருக்கும். கம்பி அண்ணத்திலிருந்து ஒன்றரை முதல் 2 மி.மீ. விலகி ஓட வேண்டும். மேலே ஒட்டினால் தழும்பில் புதையும். கீழே இறக்கினால் நாக்கில் அச்சு விழும். நாக்கில் அச்சு விழுந்தாலும் கழற்றிய பிறகு மறையும், தழும்பில் புதைந்தால் புண்தான். முன்பாலம் பிளவு மடிப்பின் மேல் வரவே கூடாது. ஆர்ச் மிகக் குறுகி இரண்டு முன் ஹீலிக்ஸுக்கு இடமில்லை என்றால் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று டிரைஹீலிக்ஸாகச் செய்துவிடலாம். 23 மி.மீ. என்பதைப் பார்த்தால் மாடலைக் கையில் வாங்கிய பிறகுதான் முடிவு செய்ய முடியும்.

பேண்டோடு பற்றவைக்கும் சால்டர் இணைப்பில் கம்பியைச் சிவக்கக் காய்ச்சினால் அந்த இடம் இளகும். ஒடிவது எப்போதும் இணைப்புக்கு ஒரு மி.மீ. தள்ளித்தான். வேதாரண்யத்திலிருந்து வருகிற பையன் என்றால் சால்டரே வேண்டாம். பேண்டின் உள்பக்கம் லிங்குவல் ஷீத் (கம்பி செருகும் சின்னக் குழாய்) வெல்ட் செய்து, கம்பி முனையை இரட்டையாக மடித்துச் செருகும் வகையில் செய்யலாம். பேண்டை அசைக்காமல் கம்பியை மட்டும் கழற்றி மாட்டலாம். ஷீத்தை லிகேச்சர் (மெல்லிய கட்டுக்கம்பி) வைத்துக் கட்ட மறக்காதீர்கள். கட்டாவிட்டால் இரவில் கழன்று தொண்டைக்குப் போகும்.

விசிறி ஸ்க்ரூ கேட்பவர்களுக்கு: கீல் இரண்டு 6-களையும் இணைக்கும் கோட்டில் வர வேண்டும். இடம் இல்லை என்று கீலை முன்னே தள்ளினால் கோரைப்பல்லில் கிடைக்கிற திறப்பு பாதியாகிவிடும். ஒரு திருகுக்கு இத்தனை என்று ஸ்க்ரூவின் கேட்டலாகில் போட்டிருக்கும் அளவு கோரைப்பல்லில் அப்படியே வராது.

தாடை_சர்ஜன்:

எனக்கு வேண்டியது இரண்டு: உள்ளே பார்க்க வழி, தைக்கத் திசு. துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று மடங்கியிருந்தால் மூக்குத் தளத்தை மூட முடியாது. மூக்குத் தளம் மூடாமல் எலும்பு வைத்தால் தங்காது. ஆகவே விரிப்பது எனக்கு உதவி. ஆனால் பிளவை அகலமாகத் திறந்து கொடுத்தால் ஈறு மடலை இழுத்துத் தைக்க வேண்டி வரும், ஒரு வாரத்தில் தையல் வாய்விடும், வைத்த எலும்பு வெளியே தெரியும். துண்டுகள் எதிரெதிரே சரியாக நின்றால் போதும். கிராஸ்பைட்டைப் பற்றி மட்டும் யோசித்து ஓவர்கரெக்‌ஷன் செய்யாதீர்கள்; விரிந்த பிறகு ஒரு சிபிசிடியோ, குறைந்தபட்சம் பிளவுப் பகுதிக்கு ஒரு சின்ன எக்ஸ்ரேயோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டுப் பிறகு நிறுத்துங்கள்.

21-ஐத் தொட வேண்டாம். அதன் பிளவுப் பக்கத்து வேருக்கும் பிளவுக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புத் தகடு. பிராக்கெட் ஒட்டிச் சுழற்சியை நிமிர்த்தினால் வேர் அந்தத் தகட்டைத் தாண்டிப் பிளவுக்குள் வந்துவிடும். அப்புறம் கிராஃப்ட் அந்த வேரின் மேல் ஒட்டாது, ஈறு இறங்கும், பல்லையே இழக்கலாம். அம்மாவிடம் சொல்லுங்கள்: எலும்பு வைத்து மூன்று மாதம் கழித்து, அந்தப் பல் நிமிர எலும்பு இருக்கும், அப்போது நிமிர்த்தலாம்.

உபரிப்பல்லை கிராஃப்டுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே எடுத்துவிட வேண்டும். அன்றைக்கே எடுத்தால் மடல் தைக்கும் இடத்தில் குழி இருக்கும்.

23-ன் வேர் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு வரை வளர்ந்திருக்கும்போது வைக்கிற கிராஃப்ட்தான் நன்றாக நிற்கிறது. 1972-ல் பாய்ன், சாண்ட்ஸ் இருவரும் இந்த கிராஃப்டைப் பற்றி எழுதியதிலிருந்து அடிப்படை மாறவில்லை: இடுப்பெலும்பின் பஞ்செலும்பு, கோரைப்பல் முளைப்பதற்கு முன். உங்கள் பையனுக்கு வேர் ஏற்கெனவே பாதி. விரிவு முடியவில்லை என்று ஒரு வருடம் தள்ளினால் கோரைப்பல் பிளவுக்குள் இறங்கிவிடும்.

குவாட் ஹீலிக்ஸ் கம்பி குறுக்கே இருந்தால் அண்ணப் பக்கம் தைக்கக் கை போகாது. லேப் நண்பர் சொன்ன ஷீத் வகை எனக்குப் பிடித்தது. மேஜையில் கழற்றி, முடிந்ததும் மாட்டிவிடலாம். ஈறு வீங்கி இரத்தம் வரும் வாயோடு அனுப்பினால் தேதி தள்ளிப்போகும், பேண்டைச் சுற்றி அழுக்கு இருக்கக் கூடாது.

சிதம்பரம்_பிஜி:

ஒரு மாற்றுக் கருத்து. முதலில் கிராஃப்ட், எலும்பு பிடித்த பிறகு விரிவு என்றும் செய்கிறார்களே? பிளவு குறுகலாக இருக்கும்போது தைப்பது சுலபம், எலும்பும் குறைவாகவே தேவைப்படும். பிறகு விரிக்கும்போது புது எலும்புக்கும் வேலை கிடைக்கிறது.

குடந்தைப் பல்சீர்:

செய்கிறார்கள், தப்பில்லை. துண்டுகள் எதிரெதிரே நின்று, கிராஸ்பைட் ஒரு பல்லோடு முடிந்தால் நானும் கிராஃப்டை முதலில் வைப்பேன். இங்கே சிறு துண்டு பெரிய துண்டுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அந்த நிலையிலேயே எலும்பு வைத்து ஒட்டவைத்தால் மடங்கிய வடிவமே நிலையாகிவிடும். அப்புறம் விரிக்கும்போது உங்களுக்கு எதிரே நிற்பது தழும்பும் எலும்பும் சேர்ந்து.

நாகை_பிளவுக்குழு:

பெற்றோரிடம் பேசுவது எங்கள் வேலை, ஆகவே அந்தப் பக்கம்.

ஓட்டையைப் பற்றி கருவி போடும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். விரிந்து மூன்றாவது, நான்காவது வாரத்தில் மடிப்பு பிரிந்து ஓட்டை வெளியே தெரியும், தண்ணீர் அதிகமாக மூக்கில் வரும், பேச்சிலும் மூக்கொலி கூடலாம். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் "கம்பி போட்டு ஓட்டை விழுந்திடுச்சு" என்று ஊர் முழுக்கப் போகும், அடுத்த பிளவுக் குழந்தையை யாரும் அழைத்து வர மாட்டார்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "புதுசா ஓட்டை விழலம்மா. மடிஞ்சு மறைஞ்சிருந்தது இப்ப தெரியுது. தைக்கிறதுக்கு அது தெரியணும். எலும்பு வைக்கிற அன்னிக்கே அதையும் மூடிடுவாங்க."

விசிறி ஸ்க்ரூ எடுப்பவர்களுக்கு: சாவியில் கட்டாயம் நூல் கட்டிக் கொடுங்கள், நூலின் மறுமுனை அம்மாவின் விரலில். முன்துளையில் சாவியைச் செருகி, தொண்டைப் பக்கம் தள்ளி, அடுத்த துளை முழுதாகத் தெரியும்வரை தள்ள வேண்டும். எடுக்கும்போது சாவியை முன்பக்கம் இழுத்தால் திருகு திரும்பிவிடும். பின்பக்கமாகவே கீழே இறக்கி எடுக்க வேண்டும். பாதித் திருகில் விட்டால் மறுநாள் துளை தெரியாது. "சாவி போக மாட்டேங்குது" என்று வருகிற போன் பெரும்பாலும் இதுதான். திருகிய நாளில் தினசரிக் காலண்டர் தாளில் ஒரு கோடு. விட்டுப்போன நாளுக்கு மறுநாள் இரண்டாகத் திருகக் கூடாது.

குவாட் ஹீலிக்ஸ் என்றால் திருகல் தொல்லை இல்லை, சுத்தம்தான் வேலை. சாப்பிட்டதும் வாய் கொப்பளித்து, இரவு ஃப்ளோரைடு பேஸ்ட்டில் அம்மாவே தேய்த்து விட வேண்டும். 9 வயதுப் பையன் அண்ணப் பக்கம் தேய்க்க மாட்டான். கடலை மிட்டாயும் கரும்பும் பேண்டைக் கிளப்பும் என்று எல்லோரும் சொல்கிறோம், பனங்கிழங்கைச் சொல்ல மறந்துவிடுகிறோம். அதன் நார் ஹீலிக்ஸில் சுற்றிக்கொண்டால் இரண்டு நாளில் நாற்றம், ஈறு வீக்கம். மார்கழி, தையில் வேதாரண்யம் பக்கம் அது இல்லாத வீடு கிடையாது.

பேண்ட் ஒரு பக்கம் தளர்ந்தால் பையன் சொல்ல மாட்டான், வலிக்காது. நாக்கால் தள்ளினால் கம்பி மேலே கீழே ஆடுகிறதா என்று வாரம் ஒருமுறை அம்மா பார்க்க வேண்டும். ஆடினால் உடனே வர வேண்டும்: தளர்ந்த பேண்டுக்குள் எச்சில் தேங்கிப் பல் சொத்தையாகும், விரிந்த ஆர்ச்சும் சுருங்கும். வர முடியாவிட்டால் முதலில் வாட்ஸ்அப்பில் படம்; கம்பி தொங்கினால் அருகில் உள்ள எந்தப் பல் மருத்துவரும் கழற்றலாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து வையுங்கள்.

தேதிக் கணக்கு: இந்த மாதக் கடைசியில் போட்டால் அடுத்த முறை செப்டம்பர் முதல் வாரத்தில் வரும். வேளாங்கண்ணித் திருவிழா 8-ம் தேதி முடியும்வரை அந்தத் தடத்தில் பஸ்ஸில் ஏற முடியாது, 10-க்கு மேல் கொடுங்கள். மூன்றாவது முறை அக்டோபர் பாதிக்குள். மழை பிடித்துவிட்டால் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் சாலை எப்போது மூழ்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே தீபாவளிக்குப் பிறகு ஆக்டிவேஷன் எதுவும் இல்லாதபடி வைத்துக்கொள்ளுங்கள். உபரிப்பல்லையும் அந்தக் கடைசி வரவிலேயே எடுத்துவிட்டால் ஒரு பயணம் மிச்சம்.

பள்ளிக்கு வரும் ஆர்பிஎஸ்கே (குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழுவுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். 2013-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பட்டியலில் உதட்டுப்பிளவும் அண்ணப்பிளவும் இருக்கின்றன, 18 வயது வரை. மாவட்ட மையத்தின் வழியாகப் பேச்சுப் பயிற்சிக்கும் அனுப்பலாம்.

மன்னை_ஆர்த்தோ:

எல்லோருக்கும் நன்றி. ஷீத் வகை குவாட் ஹீலிக்ஸ் என்று முடிவு செய்துவிட்டேன்; மாடல் தஞ்சைக்கு வரும். ஒன்று மட்டும்: அக்டோபரில் நிறுத்திவிட்டுப் பொங்கல்வரை அதே கம்பி போதுமா, அதன் பிறகு எவ்வளவு நாள் பிடித்து வைப்பது?

குடந்தைப் பல்சீர்:

அதே கம்பி போதும், ஆனால் செயலற்ற நிலையில். அக்டோபரில் கழற்றும்போது வாய்க்கு வெளியே வைத்துப் பாருங்கள்: கரங்கள் பற்களின் மேல் அழுத்தாமல் தொட்டபடி உட்கார வேண்டும். இன்னும் ஒரு மி.மீ. இழுவை மிச்சம் இருந்தால் மழைக்காலம் முழுக்க விரிந்துகொண்டே போகும். சர்ஜன் பயப்படுகிற அகலம் அப்படித்தான் வருகிறது.

கிராஃப்டுக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதம் அதே கம்பி. எலும்பு துண்டுகளை ஒட்டவைக்கும், ஆனால் அண்ணத் தழும்பு போகாது, அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். ஆறு மாதத்தில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு நின்றது தெரிந்தால், கம்பியைக் கழற்றிய அன்றே கரம் வைத்த டிரான்ஸ்பாலட்டல் ஆர்ச் (அண்ணத்தின் குறுக்கே இரண்டு 6-களையும் இணைக்கும் கம்பி) மாட்டுங்கள். நடுவில் ஒரு வாரம் வெறுமனே விட்டால் கோரைப்பல் பகுதி உள்ளே வரத் தொடங்கிவிடும். பால் கோரைப்பல்லும் பால் கடைவாய்ப்பற்களும் விழுந்துகொண்டிருக்கும் வயது, கரம் தொட்டிருக்கும் பல் விழுந்தால் கரத்தை அடுத்த பல்லுக்கு நீட்ட வேண்டும். நிலைப்பற்கள் எல்லாம் வந்து பிரேசஸ் போடும்வரை இந்த ஆர்ச் வாயில் இருக்கட்டும்.

கழற்றக்கூடிய பிளேட் கொடுக்க வேண்டாம். வேதாரண்யத்திலிருந்து வருகிற 9 வயதுப் பையன் அதைப் பள்ளிக்கூடப் பையில்தான் வைத்திருப்பான்.